பஸ்ஸில் ஏற்கெனவே பாட்டு ஓடுகிறது

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை சாயங்காலம் தருமபுரி வண்டி ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு ஸ்பீக்கர், நடுவில் இரண்டு, கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெட்டிக்கு முன்னால் இடம் கிடைத்தால் முதுகெலும்பு தனியாக ஆடும். வண்டி கிளம்புவதற்கு முன்பே பாட்டு கிளம்பிவிடும். பாட்டைக் கேட்டுத்தான் எந்த வண்டியில் ஏறுவது என்று முடிவு செய்கிறவர்களும் உண்டு. "இவன் பழைய பாட்டா போடுவான், வா" என்று கூட்டத்தில் யாரோ யாரையோ இழுத்துக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வண்டியில் ஒருத்தன் சட்டைப்பையில் தனியாக ஒரு பிளேயர் வைத்திருக்கிறான், கையில் போன் இருந்தும் வைத்திருக்கிறான் என்றால், அவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள். என் வீட்டிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வீடு பாலக்கோட்டுப் பக்கம். வாரமெல்லாம் ஓசூரில் ரூம், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஊர். சானமாவு, உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று போகிற வண்டி. நாலு வழிச்சாலை வேலை நடந்த நாட்களில் எப்போது போய்ச் சேரும் என்று கண்டக்டரைக் கேட்டால் வானத்தைக் காட்டுவார். 17 வருஷமாக இப்படித்தான். படித்த காலத்தையும் சேர்த்தால் மூன்று பிளேயர்களை ஒழித்துக்கட்டிவிட்டேன். இப்போது ஓடுவது நாலாவது.

முதலாவது 1999-ல் வந்தது. கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருந்த மாமா ஒரு வாக்மேன் வாங்கி வந்தார். வாக்மேன் என்பது சோனியின் பெயர் என்பதே அப்போது தெரியாது. பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற எதுவும் எங்களுக்கு வாக்மேன்தான், எவர்சில்வர் போல. சோனி அதை ஜப்பானில் 1979 ஜூலை 1 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு நீண்ட விமானப் பயணங்களில் பாட்டு வேண்டியிருந்தது. கையில் இருந்த ரெக்கார்டர் கனமாக இருந்தது, சின்னதாகச் செய்யுங்கள் என்றார். ஆக, அது பிறந்ததே பயணத்துக்காகத்தான். அந்த முதல் மாடலில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் உண்டு. ஒருத்தர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று இன்னொரு நிறுவனரான அகியோ மொரிட்டா நினைத்தாராம். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். என் வாக்மேனில் ஒரு துளைதான். அந்த இரண்டாவது துளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேசட்டைப் பென்சிலால் சுற்றிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லவேண்டியது ரெக்கார்டிங் கடைக்காரரைப் பற்றி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. காகிதத்தில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் ஏற்றித் தருவார். 90 கேசட் கேட்டால் முகம் சுளிப்பார். "வாக்மேனுக்கு 60 போதும் தம்பி. 90-ல டேப்பு மெலிசு, சுத்திக்கும்" என்பார். அது உண்மை. அதே டப்பாவுக்குள் அதிக நீளத்தை அடக்கவேண்டும் என்றால் நாடாவை மெல்லியதாகத்தான் செய்யவேண்டும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓடும். 60 கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம், கிட்டத்தட்ட 86 மீட்டர். பிளேயருக்குள் நாடா சிக்கி அதைக் குடல் மாதிரி வெளியே இழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த நீளம் எவ்வளவு என்று கை அறியும்.

அவர் இன்னொன்றும் செய்வார். நான் எழுதிக்கொடுத்த வரிசையை மாற்றிவிடுவார். "ரெண்டு சோகத்த பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கிற. நடுவுல ஒண்ணு ஓடற மாதிரி போட்டிருக்கிறேன்" என்று சொல்லித்தான் கேசட்டைக் கையில் தருவார். முதலில் எரிச்சலாக இருந்தது. காசு என்னுடையது, கேசட் என்னுடையது, இவர் யார் வரிசையை மாற்ற? ஆனால் கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டவேண்டும் என்றால் நாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓடவிடவேண்டும். பென்சில் செல் அதிலேயே தீர்ந்துவிடும். செல் இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும், பெண் குரல் ஆண் குரலாக மாறும். அதனால் யாரும் தாண்டுவதில்லை. வரிசை எப்படியோ பயணம் அப்படி. சில மாதங்களில் நானே பாட்டு எழுதும்போது அவர் எங்கே கை வைப்பார் என்று யோசித்து எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாவது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பென்டிரைவ் போல ஒன்று, 1 ஜிபி, சின்ன பென்சில் செல் ஒன்று போடவேண்டும். ஐபாட் அப்போது எங்கள் மேனேஜர் கையில் மட்டும்தான் இருந்தது. 2001 அக்டோபரில் முதல் ஐபாட் வந்தபோது 5 ஜிபி, சட்டைப்பையில் 1000 பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். 2022 மே மாதம், கையிருப்பு தீர்ந்தால் இனி கிடையாது என்று அந்த வரிசையையே முடித்துவிட்டார்கள். நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. என் 1 ஜிபியில் 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி என்று கணக்குப் போட்டால் 200 பாட்டுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். எனக்கு அது ஏராளம்.

ஆனால் அந்தப் பிளேயர் என்னை ஒரு மாதம் பைத்தியமாக அடித்தது. பாட்டுகளை அகர வரிசையில் அழகாக அடுக்கிவைத்திருப்பேன். அது தன் இஷ்டத்துக்குப் பாடும். கெட்டுப்போனது என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி ஒருத்தர் விளக்கினார். மலிவான பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை. மெமரியில் இருக்கும் பட்டியலில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் எந்த ஒழுங்கில் எழுதியதோ அதுதான் வரிசை. நமக்கு வேண்டிய வரிசை வேண்டுமானால் மெமரியைக் காலி செய்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பி செய்யவேண்டும். கேட்டதும் மற்றவர்களாக இருந்தால் அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். எனக்கு மாடிப்படிக் கடைக்காரர் ஞாபகம் வந்தது.

அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து மறுநாள் பயணத்துக்கு வரிசை ஏற்றுவேன். ரூமில் கூட இருக்கும் பையன்கள் சிரிப்பார்கள். ஓசூர் தாண்டும் வரை வண்டி நின்று நின்று போகும், கூட்டம் ஏறும், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடவேண்டும். அங்கே நல்ல பாட்டைப் போட்டு வீணாக்கக்கூடாது. ஏற்கெனவே மனப்பாடமான நாலு போதும். சானமாவுக் காடு வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும். அங்கே வீணையோ புல்லாங்குழலோ, வார்த்தை இல்லாத எதாவது. உத்தனப்பள்ளிக்குப் பிறகு தூக்கம் வரும், தாலாட்டு மாதிரி இருந்தால் தலை முன் சீட்டுக் கம்பியில் இடிக்கும், அதனால் தாளம் வேண்டும். ராயக்கோட்டையில் வண்டி நிற்கிற நேரத்துக்குக் கணக்கே கிடையாது. தக்காளி சீசனில் மண்டிக்கு வந்து திரும்புகிற ஆட்கள் காலிக் கூடையோடு ஏறுவார்கள், விலை பேச்சுதான் வண்டி முழுக்க. அதைக் கேட்பதற்காகவே அந்த இடத்தில் பிளேயரை நிறுத்திவிடுவேன். பாட்டைவிட அது சுவாரசியம். கிலோ என்ன விலைக்குப் போனது என்பதை மனிதர்கள் சொல்கிற குரலிலேயே அந்த வாரம் எப்படி என்று தெரிந்துவிடும். பிறகு பாலக்கோடு வரை, எனக்கு உண்மையிலேயே பிடித்தவை.

இதைப் போனில் செய்யமுடியாதா என்றால், முடியும். செய்தும் பார்த்தேன். காட்டு ஓரத்தில் சிக்னல் குறைந்து பாட்டு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். மூன்றாவது பாட்டில் சூப்பர்வைசர் கூப்பிடுவார், திங்கட்கிழமை பிரஸ்ஸில் டை, அதாவது அச்சு, மாற்றவேண்டும் என்பார். அதற்குப் பிறகு எந்த வீணையும் காதில் ஏறாது. பிளேயருக்கு யாரும் போன் செய்யமுடியாது. இதற்கு மேல் இதைப் பெரிய தத்துவமாக்க விருப்பமில்லை.

அந்த இரண்டாவது பிளேயர் மழையில் போனது. மூன்றாவதுக்குத் தனி செல் கிடையாது, உள்ளேயே லித்தியம் பேட்டரி. சட்டையில் கிளிப் மாட்டலாம், மெமரி கார்டு போடலாம், தருமபுரி பண்பலை கேட்கலாம். பண்பலைக்கு இயர்போன் வயர்தான் ஏரியல். அதனால்தான் வயரைப் பிடுங்கினால் ரேடியோ செத்துவிடும். அதில் தமிழ் எழுத்து மட்டும் வராது, பாட்டுப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். இப்போது இருப்பதில் தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு தப்பான பக்கம் போய் உட்காரும், "கொ" என்பது மூன்று துண்டாகக் கிடக்கும். பழகிவிட்டது. துண்டைப் பார்த்தே பாட்டைச் சொல்லிவிடுவேன்.

2020-ல் ஊரடங்கு. பஸ் இல்லை, பயணம் இல்லை, நான் ஊரில். பிளேயர் ஓசூர் ரூமில் மேஜை டிராயரில் கிடந்தது, சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில். மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. திரும்பிப் போய் எடுத்தபோது கல். லித்தியம் பேட்டரியைக் காலியாக்கி அப்படியே போட்டுவைத்தால் அது இன்னும் உள்ளுக்குள் கசிந்து, மறுபடி சார்ஜ் ஏறமுடியாத அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைக்கவேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் தப்புதான்.

காது விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கீச் என்று சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். ஒரு வருஷம் என் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் கிட்டே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தால் பெரும்பாலும் முதலில் அந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். நான் பிரஸ் மேல் பழியைப் போடப் பார்த்தேன். டாக்டர் அம்மா, "ஹெட்போன் போடுவீங்களா? எங்க போடுவீங்க?" என்று கேட்டார். பஸ்ஸில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். வெளியே பஸ் பாட்டு, எஞ்சின், ஹாரன். அதற்கு மேல் என் பாட்டு கேட்கவேண்டும் என்றால் அதைவிடச் சத்தமாக வைக்கவேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆகிவிட்டால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். போக ஒரு பயணம், வர ஒரு பயணம், என் ஒதுக்கீடு பஸ்ஸிலேயே முடிந்துவிடும். பஸ் பாட்டை ஜெயிக்கிறேன் என்று நான் என் காதோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு இயர்போனை மாற்றினேன். பிரஸ் ஷாப்பில் எங்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் பஞ்சு அடைப்பான் இருக்கிறதே, விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும், அதே சங்கதி இயர்போன் நுனியிலும் கிடைக்கிறது. வெளிச்சத்தம் நன்றாக அடங்கிவிடும், முன்பு வைத்த சத்தத்தில் பாதி போதும். பத்து நிமிடம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினால் பஸ் எவ்வளவு இரைச்சல் என்று ஆச்சரியமாக இருக்கும்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழியோ தையோ, பனி இறங்கியிருந்தது. சானமாவு கிட்டே வண்டி நின்றது. டிராபிக் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, வண்டி நகரவில்லை. கண்ணைத் திறந்தால் பஸ் முழுக்க இடது பக்க ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் கை ஊன்றி எட்டிப் பார்த்திருக்கிறார், அதுகூட எனக்குத் தெரியவில்லை. இயர்போனைப் பிடுங்கினேன். எஞ்சின் இல்லை. பாட்டு இல்லை. டிரைவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டிருந்தார். அத்தனை பேர் உள்ள வண்டியில் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். "என்னாச்சு?" என்று நான் கேட்டது அந்த அமைதியில் பெரிய சத்தமாக விழுந்தது. நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். "ஆனைங்க. போயிடுச்சு" என்றார் ஒரு அம்மா. குட்டியோடு சேர்த்து எத்தனை என்று அடுத்த அரை மணி நேரம் வண்டியில் தகராறு நடந்தது. ஒருத்தர் ஏழு என்றார், ஒருத்தர் பதினொன்று. நான் ஒன்றும் சொல்லமுடியவில்லை. 17 வருஷம் அந்தக் காட்டைத் தாண்டியவன், பார்க்கக் கிடைத்த ஒரே நாளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சானமாவில் ஒரு காதுதான்.

அந்த ஒரு காதினால்தான் பெரியவர் வந்தார். போன வருஷம், மாங்காய் சீசன். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வேட்டி, தோளில் துண்டு, காலடியில் ஒரு பை. தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு இயர்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தம்பி, வண்டியிலதான் பாட்டு ஓடுதே. இதுல என்னா கேக்குற?"

"வேற பாட்டுங்க."

"வேறன்னா?"

பதில் சொல்லத் தெரியாமல் அந்த இயர்போனைத் துடைத்து நீட்டினேன். தயங்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். சோனிக்காரர்கள் இரண்டு துளை வைத்தது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒரு வயரில் இரண்டு பேர் என்றால் இரண்டு தலையும் ஒரே பக்கம் சாய்ந்துதான் உட்காரவேண்டும். வண்டி வளைவில் திரும்பினால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பவேண்டும்.

கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது. கூத்து இல்லியா?"

இல்லை. கார்டில் 2000 பாட்டுக்கு மேல் இருந்தது, ஒரு கூத்துகூட இல்லை. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து நடக்கும், சின்ன வயசில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டே பார்த்தவன் நான். "கர்ணன் சாவற கூத்து வெச்சிருக்கிறியான்னு பாரு" என்று மறுபடி கேட்டார், நான் தேடினால் கிடைத்துவிடும் என்பது போல. இல்லைங்க தாத்தா என்று சொல்லி, என் அப்பா காலத்துப் பாட்டாகப் பார்த்து ஒன்றை வைத்தேன். ராயக்கோட்டை தாண்டியதும் தூங்கிவிட்டார். காதில் இயர்போன் அப்படியே இருந்தது. வயர் இருக்கிற நீளத்துக்கு நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பாலக்கோடு எறங்கு" என்று கண்டக்டர் குரல். மெதுவாக அவர் காதிலிருந்து எடுத்தேன். கண்ணைத் திறக்காமலே, "பாட்டு முடியலியே" என்றார்.

"நான் எறங்கணும் தாத்தா."

"செரி. அடுத்த வாரம் இதே வண்டிதானே?"

அந்த வாரமே ஊரில் அக்கா மகனிடம் கேட்டேன். திருவிழாவில் போனை மேடை ஓரம் வைத்துப் பதிவு செய்திருந்தான், ஆர்மோனியம் கொஞ்சம் இரையும், நடுவில் யாரோ பிள்ளையைத் திட்டுகிற சத்தமும் உண்டு. ஒரே கோப்பு, 5 மணி நேரத்துக்கு மேல். அதை ஏற்றியதும்தான் இந்தப் பிளேயரின் உண்மையான குறை தெரிந்தது. அணைத்துப் போட்டால் பாட்டின் தொடக்கத்துக்கே போய்விடும், விட்ட இடம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நாலு நிமிடப் பாட்டுக்கு அது பொருட்டில்லை. கூத்துக்கு ஒவ்வொரு வாரமும் கட்டியங்காரனிடமிருந்து ஆரம்பிக்கவேண்டியிருந்தது. கடைசியில் கோப்பைப் பத்து பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல் காப்பி செய்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

பெரியவர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வேறு வண்டியில் போகிறாரோ என்னவோ, பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. சானமாவில் ஒரு காதில் கூத்தை ஓடவிட்டு, இன்னொரு இயர்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்கிறேன். இப்போதைக்குப் பதினேழாவது துண்டில் நிற்கிறது. கர்ணன் இன்னும் தேரை விட்டு இறங்கவில்லை.